பெண் கடல்

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை போகும் வழியில் நிலத்தின் இரண்டு பக்கமும் கடல்தான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அந்தப் பக்கத்து மக்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். ஏன் அப்படி என்று எங்களை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோக்காரரிடம் கேட்டோம். “அது அடக்கமா கெடக்கும்மா, இது ஓயாம கத்திக்கிட்டே இருக்கும்” என்றார். ஆட்டோவில் இருந்த ஐந்து பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பெயர் வைத்தவர்கள் ஆண்டில் பாதியைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால் அடக்கமானதாகச் சொல்லப்படும் வடகடல்தான் பொங்கிக் கரையை அறுக்கும். அந்த மாதங்களில் ஆண் கடல் குளம்போலக் கிடக்கும். தென்மேற்குக் காற்று வந்ததும் நிலைமை தலைகீழாகும். காற்று எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம், ஆழம் எவ்வளவு என்பதைப் பொறுத்த சங்கதி இது. அங்கே மீன்பிடிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதை வைத்துத்தான் எந்த மாதம் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்கிறார்கள். தெரிந்தும் பெயரை யாரும் மாற்றவில்லை.

போன மாசி மாதம் அந்தப் பெண் கடலில் ஒரு நாள் முழுக்க இருந்தோம். காலையில் கயாக் ஓட்டுவது, மதியத்துக்குள் ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் பார்ப்பது, கூடவே வழிகாட்டிகள் வருவார்கள், சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு ஒரு தொகை. எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், ஐம்பத்தொன்பது வயது. இளையவள் என் அக்கா மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மற்ற மூவரும் ஒரே பள்ளியில் வேலை செய்கிறவர்கள். ஐந்து பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

கிளம்புவதற்கு முன்னால் ஐந்து வீடுகளிலும் ஒரே கேள்விதான் வந்தது: “கூட ஆம்பள யாரு வர்றா?” யாருமில்லை என்றதும் அடுத்த கேள்வி, “அங்க போய் என்னத்தப் போட்டுக்கிட்டு எறங்குவீங்க?” மூழ்கிவிடுவோமோ என்ற கேள்வி மூன்றாவதாகத்தான் வந்தது. என் வீட்டில் மட்டும் அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. எனக்குத் தண்ணியில கண்டம் என்று ஜாதகத்தில் எழுதியிருக்கிறது.

சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் ஊரில் தண்ணியில கண்டம் இல்லாத பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. என் அண்ணனுக்கும் அதே கண்டம் எழுதியிருந்தது. அதற்காகவே அவனை ஏழு வயதில் காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டை முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளினார் சித்தப்பா. மூன்றாம் நாள் ஒரு குடுக்கையை அவிழ்த்தார், பத்தாம் நாள் இரண்டையும். கண்டம் இருக்கிற பிள்ளை நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு வந்தபோது அதே கண்டத்துக்கு வேறு பொருள் சொன்னார்கள்: கிணற்று மேட்டுக்கே போகக் கூடாது. ஆனால் தண்ணீர் எடுக்கப் போகலாம். பத்து வயதிலிருந்து அந்தக் கிணற்றில் நான் இறைத்த தண்ணீருக்குக் கணக்கில்லை. எட்டிப் பார்த்து, குனிந்து, கயிறு இழுத்து, வழுக்கும் கல்லில் காலூன்றி நின்றபோதெல்லாம் கண்டம் எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கரையில் எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டிகள் இருவர். ஒருவர் நடுவயது ஆண், முன்பு மீன்பிடித்தவர். இன்னொருத்தி அதே கரையில் பிறந்த இருபத்திரண்டு வயதுப் பெண். பயிற்சி முழுக்க அவள் கையில்தான். லைஃப் ஜாக்கெட்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் வாரைக் கட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தாள். காதுவரை ஏறி வந்தால் லூஸாக இருக்கிறது என்று அர்த்தமாம். “நெஞ்சுகிட்ட நல்லா இறுக்குங்கக்கா. வெட்கப்பட்டு லூசா விட்டா தண்ணிக்குள்ள அது மட்டும் மேல வரும், நீங்க வரமாட்டீங்க” என்றாள். எங்களில் ஒருவருக்கு அன்று தூரம். அவர் மெதுவாக அவளைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார். பல கடலோர ஊர்களில் தூரமான பெண் படகைத் தொடவே கூடாது என்பதால் அவருக்குத் தயக்கம். அந்தப் பெண் சாதாரணமாக, “எனக்கும் வரத்தானேக்கா செய்யும், அதுக்குன்னு மாசம் நாலு நாள் லீவா போடுறேன்?” என்றாள்.

கயாக் என்பது எங்கள் கண்ணுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டிபோல இருந்தது. உள்ளே நுழைந்து உட்கார வேண்டியதில்லை. மேலே இரண்டு பள்ளம், ஆளுக்கொன்று. கவிழ்ந்தாலும் தண்ணீர் நிரம்பாது, மாட்டிக்கொள்ளவும் மாட்டோம். துடுப்பைக் கையால் இழுக்காதீர்கள், இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்புங்கள் என்று காட்டினாள். கையால் இழுத்தால் அரை மணியில் தோள் போய்விடும். முன்னால் இருப்பவர் வேகத்தை வைத்துக்கொள்ள, பின்னால் இருப்பவர் அதே தாளத்தில் போட்டுத் திசையைப் பார்க்க வேண்டும். ஆட்டுக்கல்லிலும் கிணற்றுக் கயிற்றிலும் பழகிய உடம்புகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கணக்கு டீச்சர்தான் எங்களில் சீராகத் துடுப்புப் போட்டார்.

அதற்கு முன்னால் அவள் செய்யச் சொன்ன காரியம் ஒன்று உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் கயாக்கை நிறுத்தி, “மொதல்ல எல்லாரும் விழுங்க” என்றாள். வேண்டுமென்றே கவிழ வேண்டும். கவிழ்ந்தபின் கயாக்கின் நடுவில் இரண்டு கையும் வைத்து, காலைப் பின்னால் நீட்டி உதைத்து, வயிறு படும்படி மேலே ஏறி, பிறகு புரண்டு உட்கார வேண்டும். ஆளுக்கு மூன்று தடவை. பிட்டம் மேலே தூக்கி நிற்க, துணி ஒட்டிக் கிடக்க, மீனைப்போலக் குப்புற விழுந்து தத்தளிக்கும் கோலத்தில் எங்களை யாரும் இதுவரை பார்த்ததில்லை. என் அக்கா மகள் சிரித்துச் சிரித்தே இரண்டு தடவை கூடுதலாக விழுந்தாள். எனக்கு மூன்றாவது தடவையில் ஒன்று புரிந்தது. விழாமல் இருக்கத்தான் இத்தனை வருடமும் எங்களுக்குப் பாடம் நடந்திருக்கிறது. ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று யாரும் சொன்னதில்லை.

இது வெறும் விளையாட்டுக் காரியமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005இல் வெளியிட்ட அறிக்கையில் நம் கடற்கரையின் கணக்கு இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. நாகப்பட்டினம் மாவட்டத்தில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. பல இடங்களில் ஆண்கள் ஆழ்கடலில் படகில் இருந்தார்கள், அலை அவர்களுக்கு அடியில் போய்விட்டது. பெண்கள் மீன் வாங்கக் கரையில் நின்றார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். இலங்கையில் நீச்சலும் மரமேறுவதும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் கற்றுத்தரப்படுகின்றன என்பதையும் அந்த அறிக்கை குறிப்பிட்டது. அந்த அலைக்கு நீச்சல் மட்டும் போதுமா என்று கேட்கலாம். எல்லோரையும் காப்பாற்றியிருக்காது. ஆனால் தண்ணீரில் முகம் பட்டாலே மூச்சை விட்டுவிடுகிற உடம்புக்கும், ஒரு மரத்துண்டைப் பிடித்து மிதக்கத் தெரிந்த உடம்புக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த இடுப்பளவுத் தண்ணீரிலேயே பார்த்தேன்.

முக்கால் மணி நேரம் துடுப்புப் போட்டு, பவளத் திட்டு இருக்கும் இடத்துக்குப் போனோம். ஆழம் கழுத்தளவைவிடக் கொஞ்சம் கூடுதல். கண்ணாடியின் உட்புறம் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவினோம். அப்படிச் செய்தால்தான் ஆவி படியாது. கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடிவிடுவதால் வாய் வழியாக மட்டும்தான் மூச்சு. குழாயின் ரப்பரைப் பல்லால் கவ்விக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து, மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். பயந்தால் மூச்சு சின்னதாகும், சின்ன மூச்சில் குழாய்க்குள் பழைய காற்றே சுற்றும், அதனால் பயம் கூடும். ஆகவே விடுகிற மூச்சைத்தான் நீளமாக விடவேண்டும் என்றாள். நான் இரண்டு தடவை துப்பிவிட்டு எழுந்தேன். மூன்றாவது தடவை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே கடற்புல் மேய்ச்சல் நிலம்போல அசைந்துகொண்டிருந்தது. ஆவுளியா என்று இந்தக் கரையில் சொல்லப்படும் கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். இதே பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். நாங்கள் கடற்பசு எதையும் பார்க்கவில்லை. மூளைபோல மடிப்பு மடிப்பான ஒரு பவளத்தைப் பார்த்தோம். மணலில் அசையாமல் கிடந்த கடல் அட்டை ஒன்று, வரி வரியாகச் சின்ன மீன்கள், வெளுத்துச் சுண்ணாம்பாகிப்போன பவளக் கிளைகள். தண்ணீர் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் பாசியைத் துரத்திவிடும், நிறமும் உணவும் அதோடு போய்விடும். காலை ஊன்றினால் பவளம் உடைந்துவிடும் என்பதால் நிற்கவும் கூடாது. எதையும் பிடிக்காமல், எதன்மேலும் நிற்காமல், யாருக்கும் எதுவும் செய்யாமல் கால் மணி நேரம் மிதந்தேன். நாற்பத்தேழு வயதில் என் உடம்பின் பாரத்தை வேறொன்று சுமந்தது அதுவே முதல் தடவை.

மாலையில் தெற்குக் கரைக்குப் போனோம். அங்கே ஆண் கடலிலிருந்து பாசி எடுத்துத் திரும்பிய பெண்கள் படகிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ‘அடக்கம்’, ‘சத்தம்’ என்று பெயர் வைத்தவர்கள் இவர்களைப் பார்த்திருக்க வேண்டும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் சட்டையை மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைக் கையால் பறிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். நம் ஐஸ்கிரீமிலும் ஆய்வகத் தட்டுகளிலும் இருப்பது அதுதான். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தலைமுறையாக இவர்கள் இறங்கிய இடம் சட்டப்படி இறங்கக்கூடாத இடமாயிற்று. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டி அவர்கள் உரிமைக்காகப் பேசினார். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று பெண்களே தங்களுக்கு வரம்பும் வைத்துக்கொண்டார்கள். 2015இல் அவருக்கு அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

எங்கள் ஈரத் தலையைப் பார்த்து ஒரு அம்மா விசாரித்தார். சொன்னோம். “காசு குடுத்தா எறங்குனீக?” என்று கேட்டுச் சிரித்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்குத் தெரியவேண்டியது வேறு. நாங்கள் போட்ட கண்ணாடியில் தண்ணீர் இறங்கியதா, என்ன விலை, எங்கே கிடைக்கும். அவருடையதில் ஓரமாகக் கசிகிறது, மாலைக்குள் கண் சிவந்துவிடுகிறது. குழாய் வைத்து மூச்சு விட்டோம் என்றதும், “அத வச்சு எப்படி முங்குறது?” என்றார்.

என் அக்கா மகள் அவரிடம், உங்கள் பெண்ணும் இப்படி முங்குவாளா என்று கேட்டாள். அவர் முகம் மாறிவிட்டது. “அவளுக்குக் கடலே தெரியாது. காலேசுல படிக்கிறா. அவள எறங்க விடமாட்டேன்” என்றார், பெருமையோடு.

அந்தப் பதில் எனக்குள் நெடுநாள் கிடந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. கடலில் இறங்காத மகள்தான் அவர் முப்பது வருடமாகக் கடலில் இறங்கியதன் பலன். ஆனால் அதற்குள் ஒரு கொடுமை இருக்கிறது. நம்மிடையே ஒரு பெண் தண்ணீரில் இறங்க இரண்டே காரணங்கள்தான் உண்டு: வயிற்றுப்பாடு, அல்லது சாவு. வசதி வந்ததும் முதல் காரணம் போய்விடும், கூடவே நீச்சலும் போய்விடும். மகிழ்ச்சிக்காக, உயிர்காப்புக்காக, சும்மா மிதப்பதற்காக என்ற மூன்றாவது காரணத்தை ஆண்பிள்ளைகளுக்கு ஏழு வயதிலேயே ஒரு சுரைக்குடுக்கையோடு கொடுத்துவிடுகிறோம். பெண்களுக்கு அது காசு கொடுத்து வாங்கும் ஒருநாள் சுற்றுலாவாக, நாற்பது வயதுக்கு மேல், அதுவும் எங்களைப்போலச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது. பாசி எடுக்கும் பெண்ணின் திறமையை வறுமையின் அடையாளமாகவும், எங்கள் திறமையின்மையைக் குடும்பத்தின் மரியாதையாகவும் மாற்றி வைத்திருக்கிறது ஒரே ஏற்பாடு.

ஊர் திரும்பியபின் கணக்கு டீச்சர் மதுரையில் ஒரு நீச்சல்குளத்தில் சேர்ந்துவிட்டார். காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரம். நான் இன்னும் நீளவாக்கில் ஒரு தடவைகூட முழுதாய்க் கடக்கவில்லை. எங்கள் பள்ளியில் நீச்சல்குளம் இல்லை, சமீபத்தில் வரப்போவதும் இல்லை. ஆனால் அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் இந்தக் கோடைக்கும் தண்ணீர் இருக்கிறது, படிக்கட்டும் இருக்கிறது. இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கியிருக்கிறேன். மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேத்தி இறங்குகிறாள். ஆறு வயது. அவளுக்கும் தண்ணியில கண்டம் என்று எழுதியிருக்கிறதாம். அதனால்தான் இந்த வருடமே.