இங்கே பொரித்த குஞ்சுகள்

புறா வளர்க்கிறவன் உருப்பட மாட்டான் என்ற பேச்சைக் கேட்காமல் எங்கள் பகுதியில் யாரும் வளர்ந்ததில்லை. சினிமாவிலும் புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பவன் பெரும்பாலும் ரவுடிதான். ஆனால் கூவம் கரையில் எங்களை வளர்த்த பெரியப்பா விடியற்காலையில் கூண்டைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மூட்டை தூக்கப் போவார். சாயங்காலம் திரும்பினால் முதலில் புறாக்களுக்குத் தண்ணீர், பிறகுதான் அவருக்கு டீ. பொறுப்பு என்றால் என்ன என்று நாங்கள் பார்த்துத் தெரிந்துகொண்டது அங்கேதான்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஏராளமான குடும்பங்களை நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள். பீரோ வந்தது, கட்டில் வந்தது, ரேஷன் கார்டில் முகவரி மாறியது. புறாவுக்கு மட்டும் முகவரியை மாற்ற முடியவில்லை. ஹோமர் புறா தான் பறக்கப் பழகிய கூண்டைத்தான் வீடாக நினைக்கும். பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் அங்கேதான் திரும்பும். சூரியனையும், பூமியின் காந்தப்புலத்தையும், வாசனையையும் வைத்து வழி கண்டுபிடிக்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

வந்த இரண்டாவது வாரம் காற்றில் கூண்டுக் கதவு திறந்து ஒரு ஜோடி போய்விட்டது. பழைய இடத்துப் பக்கம் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அத்தை, இடித்துப்போட்ட சுவரின் மிச்சத்தில் இரண்டும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாராம். பெரியப்பா எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "பழசுங்கள இனிமே திறக்காதீங்க. ஜோடி சேர்த்து முட்டை எடுங்க. இங்க பொரிக்கிறதுதான் இங்க தங்கும்."

அதுவரை தீனி போடுவதோடு நின்றிருந்த நாங்கள் முட்டையைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது அப்படித்தான். புதிதாக வளர்க்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக அதை எழுதிவைக்கிறோம்.

முதலில் ஜோடி. ஆண் எது, பெண் எது என்று பார்த்தவுடன் சொல்வது கடினம். கழுத்தை உப்பிக்கொண்டு, குனுகிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வருவது பெரும்பாலும் ஆண். ஒரே சட்டியில் நான்கு முட்டை கிடந்தால் இரண்டும் பெண் என்று அர்த்தம். அவற்றை அடைகாத்துப் பயனில்லை.

கூடு கட்ட அகலமான மண் சட்டி போதும். வேப்பங்குச்சி, துடைப்பத்து ஈர்க்கு ஆகியவற்றைக் கூண்டில் போட்டால் அதுவே எடுத்து அடுக்கிக்கொள்ளும். கம்பு, சோளம், மக்காச்சோளம், பச்சைப்பயறு கலந்த தீனியோடு, நொறுக்கிய கிளிஞ்சலும் செங்கல் தூளும் எப்போதும் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மெலிந்து முட்டை உடையும்.

முதல் முட்டை பெரும்பாலும் சாயங்காலத்தில் வரும். இரண்டாவது வர இன்னும் ஏறக்குறைய 44 மணி நேரம் ஆகும். நடுவில் தாய் முட்டைமேல் சரியாக உட்காரவில்லையே என்று பதற வேண்டாம். இரண்டாவது வந்த பிறகுதான் முழு அடை தொடங்கும். அதனால்தான் இரண்டு குஞ்சுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. காலை பத்து மணி வாக்கிலிருந்து பிற்பகல் வரை அப்பா உட்காரும். மற்ற நேரமும் இரவு முழுவதும் அம்மா. இந்த ஷிப்ட் முறையைப் பார்த்து எங்கள் வீட்டு ஆண்களிடம் அம்மா கேட்ட கேள்விகளைத் தனிப் பதிவாகவே போடலாம்.

ஏழாம் நாள் இருட்டில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாகவே இருந்தால் கரு இல்லை. ஒரு தடவை பார்த்தால் போதும், தினமும் எடுக்காதீர்கள். முட்டையைக் கழுவவும் கூடாது. இரண்டாவது முட்டையிலிருந்து 17, 18 நாளில் ஓட்டில் கீறல் விழும். அங்கிருந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள் பிடிக்கலாம். நாம் ஓட்டை உரித்து உதவப் போனால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும்.

முதல் சில நாள் குஞ்சுக்கு உணவு புறாப்பால் மட்டுமே. தாய், தகப்பன் இரண்டின் தொண்டைப்பையிலும் அது சுரக்கிறது. வேறு எதனாலும் அதை ஈடுகட்டுவது மிகக் கடினம் என்பதால், அந்த நாட்களில் ஜோடியைப் பிரிக்கவோ மிரட்டவோ வேண்டாம். குஞ்சுக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும்போதே அடுத்த முட்டை வந்துவிடும். இன்னொரு சட்டியைத் தயாராக வையுங்கள். எச்சத்தைக் கூட்டும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

ஐந்து வாரம் ஆனதும் குஞ்சுகளைக் கம்பிவலைக் கூண்டில் மொட்டை மாடியில் வைத்தோம். சுற்றுப்புறத்தை நன்றாகப் பார்க்கவிட்டு, பசியோடு இருந்த ஒரு சாயங்காலம் திறந்தோம். இரண்டும் ஒரு வட்டம் அடித்துவிட்டு, எட்டு அடுக்குக் கட்டடங்கள் அத்தனையும் ஒரே மாதிரி நிற்கிற இடத்தில், எங்கள் பிளாக்கைச் சரியாகக் கண்டுபிடித்து இறங்கின. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

குஞ்சுகள் தங்கிவிட்டன என்பதைக் காட்டி இடமாற்றம் நல்லபடியாக முடிந்தது என்று யாரும் கணக்கெழுத வேண்டாம். குஞ்சுகள் தங்குவதற்காகப் பழைய ஜோடிகள் அடைப்பிலேயே கிடக்கின்றன. பத்துப் பதினைந்து வருடம் வாழக்கூடிய பறவை, திறந்தால் போய்விடும் என்பதால் வானத்துக்கே வராமல் இருக்கிறது. மனிதர்களிலும் அப்படித்தான் நடந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது ஊர். மூட்டை தூக்கும் வேலையை விட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இது இன்னும் ஊராகவில்லை.

குடியிருப்புகளுக்குக் கணக்கெடுக்கப் போகிற மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் படிவத்தில் கதவு எண், ஆதார் எண், குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். அதோடு, நடந்தே போய்ச் செய்துவந்த வேலை, கடன் கொடுத்த மளிகைக் கடை, வளர்த்த ஆடு, கோழி, புறா ஆகியவற்றையும் கேட்டு எழுதுங்கள். படிவத்தில் கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். இழப்பீடு பேசும் நாளில், எழுதாமல் விட்டதெல்லாம் இல்லாததாகவே கணக்காகும்.