குறையும் தூரமும் குறையாத கிலோவும்

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம் நுவரெலியா கோல்ப் மைதானத்தில் எனக்கு ஒரு சிறிய தலைகுனிவு நேர்ந்தது. குழி இருக்கும் புல்தரைக்கு 140 கெஜம் இருந்தது. இருபது ஆண்டுகளாக அந்தத் தூரத்துக்கு நான் எடுப்பது ஏழாம் இலக்க இரும்புக் கோல். வழக்கம்போல் அதையே கேட்டுக் கையை நீட்டினேன். பையைச் சுமந்து வந்த கெடி, கோலைத் தராமல் சற்றுத் தயங்கினார்.

"ஐயா, அஞ்ச எடுங்க. ஏழு இனிப் பத்தாது."

நான் கேட்கவில்லை. ஏழாம் கோலையே வாங்கி அடித்தேன். பந்து நேராகத்தான் போனது. ஆனால் 25 கெஜம் முன்னதாகவே இறங்கிப் புல்லில் அமர்ந்துகொண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் வயது 68 என்பதை அவரது மௌனம் சொல்லிவிட்டது.

லயத்தில் பிறந்தவனுக்குக் கோல்ப் எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. பதுளைக்கு அருகே ஒரு தோட்டத்தில் என் தாயார் கொழுந்து பறித்தார். பள்ளி விடுமுறையில் நுவரெலியாவிலிருந்த மாமா வீட்டுக்குப் போவேன். 1889ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தில் துரைமாரின் பைகளைச் சுமந்து கிடைத்த சில்லறையில்தான் என் முதல் சப்பாத்தை வாங்கினேன். பத்திரிகைத் தொழிலில் ஓரளவு நிலைபெற்ற பின்னர், நாற்பதைக் கடந்த வயதில், ஓய்வுபெற்ற தோட்ட அதிகாரியான நண்பர் ஒருவர் என் கையில் கோலைக் கொடுத்தார். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் விடவில்லை.

தூரம் ஏன் குறைகிறது என்று அன்றிரவு யோசித்தேன். பந்து எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் கோலின் தலை வரும் வேகத்துக்கே. பெரிய மட்டையில் அந்த வேகம் மணிக்கு ஒரு மைல் குறைந்தால் ஏறத்தாழ இரண்டரை கெஜம் போய்விடும் என்பது ஆட்டக்காரர் கணக்கு. முப்பதைத் தாண்டிய உடலில் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். அறுபதுக்குப் பின் அந்தக் குறைவு இன்னும் விரைவுபடும். அதிலும் முதலில் நலிவன, சட்டென்று சுருங்கி விசை தரும் தசைநார்கள். நெடுந்தூரம் நடக்க உதவும் தசைநார்கள் அவ்வளவு விரைவில் கைவிடுவதில்லை. ஆகவேதான் பதினெட்டுக் குழிகளையும் நடந்து முடிக்க முடிகிற எனக்கு, ஒரு பந்தைப் பழைய இடத்துக்கு அனுப்ப முடியவில்லை. முதுகும் இடுப்பும் முன்போல் திரும்ப மறுப்பது தனிக்கதை.

நுவரெலியா ஒரு வகையில் முதியவர்க்கு இரங்கும் ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் காற்று மெல்லியது. பந்தைத் தடுக்கும் வலு அதற்குக் குறைவு. ஆறு, ஏழு சதவீதத் தூரம் அங்கே இனாமாகக் கிடைக்கிறது. அதே அடியைக் கொழும்பில் அடித்திருந்தால் 110 கெஜத்தைக்கூட எட்டியிருக்காது. மலை தந்த சலுகையை என் பலம் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்திருக்கிறேன்!

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. முதுமையை அது குற்றமாகக் கருதுவதில்லை. 2020 முதல் உலகம் முழுவதும் ஒரே 'ஹண்டிகெப்' முறை வழக்கில் இருக்கிறது. ஒருவரது கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியை வைத்து அவருக்குரிய சலுகை அடிகளைக் கணக்கிடுகிறார்கள். ஆட்டம் தளர்ந்தால் சலுகை கூடும். அடி குறைந்தோர் முன்னாலுள்ள தொடக்க மேடையிலிருந்து ஆடலாம். 2011இல் அமெரிக்கக் கோல்ப் அமைப்புகள் இதற்காக ஓர் இயக்கமே நடத்தின. ஆனால் குழியின் அகலம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான், நாலேகால் அங்குலம்.

இப்படி இடம் கொடுக்கும் ஆட்டத்தில் அனுபவம் விளைச்சல் தருகிறது. 2009இல் ஸ்கொட்லாந்தின் டேன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் டொம் வொட்சன், 59 வயதில், கடைசிக் குழியை நான்கு அடிகளில் முடித்தால் வெற்றி என்ற நிலைக்கு வந்தார். எட்டாம் இலக்கக் கோலால் அவர் அடித்த பந்து புல்தரையைத் தாண்டி ஓடிவிட்டது. ஐந்து அடிகளாயின, பின்னர் நடந்த கூடுதல் ஆட்டத்தில் ஸ்டுவர்ட் சிங்கிடம் தோற்றார். அந்த முதியவரை வீழ்த்தியது தூரக் குறைவு அன்று, தூரம் மிகுந்துபோனதுதான்.

மறுநாள் வெலிமடை வழியாகப் பதுளைக்கு இறங்கினேன். தோட்டத்தில் இன்னமும் இருப்பவள் என் சின்னம்மாவின் மகள். வயது 57. நான் போனபோது அந்தி நிறுவை முடிந்து லயத்துக்கு வந்திருந்தாள். முகம் வாடியிருந்தது.

"இன்னைக்கு பதினாலுதான் அண்ணே. அரைப்பேருதான் விழும்."

அவளது தோட்டத்தில் ஒரு நாள் பெயர் விழ 18 கிலோ கொழுந்து நிறுக்க வேண்டும். இளமையில் அவள் 25 கிலோவுக்கு மேல் நிறுத்து, மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு வாங்கியவள். இப்போது முழங்கால் மடங்க மறுக்கிறது. ஈரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. ஊவாவின் சரிவுகள் நுவரெலியாப் புல்தரை அல்ல. கூடையும் முதுகில் நிறைந்துகொண்டே வரும். கெடிக்கு நான் சொல்ல மறுத்ததை அவளது உடல் நாள்தோறும் நிறுவைத் தராசுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சம்பளப் பேச்சுவார்த்தைகளைப் பத்திரிகைக்காகப் பல்லாண்டு எழுதியவன் நான். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது. ஒவ்வொரு முறையும் ரூபாயைப் பற்றிப் பேசினார்கள்; கிலோவைப் பற்றியும் பேசினார்கள். பறிப்பவரின் வயது என்ன என்று நான் இருந்த எந்தக் கூட்டத்திலும் எவரும் கேட்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் கேட்கவில்லை. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் பெற்றுக்கொள்ளலாம் என்பது பழைய ஏற்பாடு. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமோ தனியார்துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. வேலை செய்யும் வயது நீண்டது நல்லதே. ஆனால் 25 வயதுக்காரிக்குரிய தராசே 57 வயதுக்காரிக்கும் என்றால், நீண்டது வேலையா, தண்டனையா?

என் நண்பரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். முப்பது ஆண்டுகள் தோட்டம் நடத்தியவர் அவர். "கிலோவைக் குறைத்தால் உற்பத்திச் செலவு எங்கே போய் நிற்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டத்தின் கணக்கும் எனக்குத் தெரியாததன்று. அவர் எனக்குக் கற்பித்த ஆட்டத்திலிருந்தே விடை சொன்னேன். முதியவருக்காக யாரும் குழியை அகலப்படுத்துவதில்லை. தொடங்கும் இடத்தைத்தான் மாற்றுகிறார்கள். ஐம்பதைக் கடந்தவர்களுக்குச் சரிவு குறைந்த, நிறுவைக்கு அருகான மலையை ஒதுக்கலாம். நாற்றுமேடைக்கு அனுப்பலாம். கிலோ அளவை வயதுக்கேற்பப் படிப்படியாக வகுக்கலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற தரம் மாறவேண்டியதில்லை. அதில் என் தங்கையின் கை இன்றும் பிசகாது. ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித் தருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று. அந்தக் காற்றில் கொழுந்து குறைகிறது, மணம் கூடுகிறது. நிறையை மட்டுமே பார்ப்பதில்லை என்பதற்கு அந்தத் தேயிலையின் விலையே சாட்சி.

நண்பர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். "நாற்றுமேடை செய்யலாம்தான்" என்றார் பிறகு.

புறப்படும்போது தங்கையிடம் கோல்ப் மைதானத்துக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"ஒங்களுக்கு வேற கம்பு எடுத்துக் குடுக்க ஆளு இருக்கு அண்ணே. எங்களுக்கு அந்த ஒரே கூடதான்."

அடுத்த முறை ஐந்தாம் கோலைத் தயங்காமல் வாங்கினேன். பந்து புல்தரையில் விழுந்தது. கெடி தலையசைத்தார். மகிழ்ச்சிதான். ஆனால் அன்றும் பதுளையில் மாலை நிறுவை நடக்கும் நேரம் என்பது நினைவுக்கு வந்தது.