பொங்கல் மேட்ச்

பொங்கலுக்கு நம்ம சேலம், நாமக்கல் பக்கம் மேட்ச் நடக்காத ஊர் உண்டா, சொல்லுங்க? அறுத்த காட்டில் ஸ்டம்ப் நட்டு, டென்னிஸ் பந்தில் பொளந்து கட்டுவார்கள் பசங்க.

பண்டிகையும் பந்தயமும் எங்கேயும் ஒட்டிப் பிறந்தவைதான். அமெரிக்காவில் பாசடீனா என்ற ஊர். ரோஜாத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க, 1902 புத்தாண்டு அன்று இரண்டு கல்லூரிகளை அந்த ஊர் ஃபுட்பால் ஆடவிட்டார்கள். மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. நேரம் முடியும் முன்பே ஸ்டான்ஃபோர்டு கும்பிடு போட்டுவிட்டது. அடுத்த மேட்ச் நடந்தது 1916-ல். இடையில் ரதப் பந்தயமெல்லாம் விட்டுப் பார்த்தார்கள்! அதுதான் இன்றைய 'ரோஸ் பவுல்'.

நம்மிடமும் அப்படி ஒன்று இருந்தது. பெயர், 'பிரசிடென்சி மேட்ச்'. சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்களும் இந்தியர்களும் மோதிய கிரிக்கெட். பின்னாளில் பொங்கல் விடுமுறையோடு சேர்ந்துகொண்டதால், ஜனங்களுக்கு அது பொங்கல் மேட்ச்!

இதன் விதை ஒரு மதியச் சாப்பாட்டில் விழுந்தது என்பார்கள். சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பெவிலியனில் சாப்பாடு, நம்மவர்களுக்கு மரத்தடி. இது பொறுக்காத புச்சி பாபு நாயுடு, சண்டை போடவில்லை. 1888-ல் 'மெட்ராஸ் யுனைடெட் கிளப்' தொடங்கினார். பையன்களுக்கு மட்டை, பந்து வாங்கிக் கொடுத்து ஆட்டம் பழக்கினார். இருபது வருஷம் கழித்து, 1908 டிசம்பரில் சரிக்குச் சரியாக மோத மேட்ச் தயார். ஆனால், ஏற்பாடு செய்தவருக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மேட்ச் தொடங்கும் முன்பே காலமாகிவிட்டார்.

இதில் நான் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதே காலத்தில் பம்பாயில் இந்து அணி, பார்சி அணி, முஸ்லிம் அணி என்று மதவாரியாக ஆடினார்கள். காந்தியே அதை எதிர்த்தார். 1946-க்குப் பிறகு அது நின்றுபோனது. மெட்ராஸில் அந்தப் பிரிவினை இல்லை. 'இந்தியர்கள்' என்று ஒரே அணிதான்!

1952 ஜனவரியோடு பிரசிடென்சி மேட்ச் முடிந்தது. நாடு விடுதலை ஆன பிறகு வெள்ளைக்காரர் அணிக்கு ஆள் ஏது? ஆனால், கணக்கு முடிந்த விதத்தைப் பாருங்க. அடுத்த மாதமே, அதே சேப்பாக்கத்தில் இந்தியா இங்கிலாந்தை இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. வினு மன்கட் 12 விக்கெட். டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியாவின் முதல் வெற்றி அதுதான். பிறகு பல வருஷங்கள் பொங்கலுக்கு அங்கே டெஸ்ட் மேட்ச்தான். 1988 பொங்கலில் ஹிர்வானி அறிமுக மேட்சிலேயே 16 விக்கெட் எடுத்ததை நாமே ரேடியோவில் கேட்டோமே!

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். 2021, மாட்டுப் பொங்கல் அன்று பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்த புதுப் பையன், சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். அப்பா தறித் தொழிலாளி, அம்மா ரோட்டோரக் கடைக்காரர். டென்னிஸ் பந்தில் பழகிய கை அது. ஆஸ்திரேலியாவுக்குப் போனதே வலைப்பயிற்சியில் பந்து போடத்தான்!

2023-ல் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்துவிட்டார் நடராஜன். மரத்தடியில் உட்காரவைத்தவர்களுக்குப் புச்சி பாபு சொன்ன பதிலும் இதேதான்: அடுத்த பையனுக்கு ஓர் இடம்.

இந்தப் பொங்கலுக்கு உங்க ஊர் பசங்க மேட்சுக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வசூலுக்கு வந்தால், முகம் சுளிக்காமல் கொடுங்க.