எனக்கொண்டுமில்ல மகள்

நீளமான பதிவு, மன்னிக்கவும். கொழும்புக்குக் கிளினிக் போய் வருகிற உம்மா வாப்பா வீட்டில் இருந்தால், இப்போது நேரம் இல்லாவிட்டாலும் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள்.

கடந்த டிசம்பர் விடுமுறையில் உம்மாவைக் கண் காட்டுவதற்காகக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். அக்கரைப்பற்றிலிருந்து இரவு பஸ். தெமட்டகொடையில் சாச்சி வீட்டில் இறங்கி, சுபஹ் தொழுது, தேத்தண்ணி குடித்துவிட்டு ஏழு மணிபோல அப்பில் ஒரு த்ரீவீல் பிடித்தேன். வந்த பொடியன் நம்மட ஆள்தான். இருபத்தைந்து வயது இருக்கும். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும், "தாத்தா, அப்பைக் கட் பண்ணுங்களேன், அதே காசுக்குக் கொண்டுபோய் விடுறேன், கொமிஷன் வெட்டுறாங்க" என்றான். கொழும்பில் போய் வருகிற எல்லோருக்கும் பழகிய கதை இது. பாவம் என்று கட் பண்ணினேன். என்ன காரணம் என்று போன் கேட்டது. ஏதோ ஒன்றை அமத்திவிட்டேன்.

பேஸ்லைன் வீதியில் பக்கத்து ஒழுங்கையால் வந்த கார் ஒன்று எங்களது பின்பக்கத்தில் மோதியது. த்ரீவீல் கவிழவில்லை. அரை வட்டம் சுற்றி நின்றது. உம்மாவின் தலை பக்கத்துக் கம்பியில் பட்டது. 'டொக்' என்ற அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கொண்டுமில்ல மகள்" என்றா.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறார்கள். பர்தாவோடு இரண்டு பொம்பளைகள் நடுவீதியில். அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே எண்ணம் எப்படியாவது இந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்பதுதான். வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. நம்மட பொம்பளைகளுக்கு இது நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

கார்க்காரர் காப்புறுதிக் கம்பெனிக்குக் கோல் எடுத்தார். அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். பம்பரைப் படம் பிடித்தார், த்ரீவீலின் நெளிந்த தகட்டைப் படம் பிடித்தார், இரண்டு சாரதிகளின் லைசன்ஸையும் வாங்கிப் பார்த்தார். எங்களது பெயரை யாரும் கேட்கவில்லை. அவர் எங்களது பக்கம் வரும்போது பொடியன் என்னிடம் மெல்லமாகச் சொன்னான்: "தாத்தா, ஹயர் எண்டு சொல்ல வாணம். சொந்தக்காரங்க எண்டு சொல்லுங்க. இன்ஷூரன்ஸ் பிரைவட்டுக்குத்தான் போட்டிருக்கி. வண்டி லீசிங்கில ஓடுது. பொலிசுக்குப் போனா நான் முடிஞ்சன்."

வந்தவர் சிங்களத்தில் கேட்டார், இவர்கள் யார் என்று. பொடியன் சொன்னான். நான் தலையாட்டினேன். காயம் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். உம்மாவின் தலையை முந்தானையை விலக்கித் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை நான். கல்வியியற் கல்லூரியில் முதலுதவி படித்து சான்றிதழும் வாங்கியவள். வேறு ஆட்டோ பிடித்துக் கிளினிக்குக்குப் போனோம். கண்ணைக் காட்டினோம். இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்தோம்.

மூன்று கிழமை போனது. உம்மாவுக்குத் தலையிடி வரும், பனடோல் குடிப்பா, போகும். கண்ணுக்குப் புதுச் சொட்டு மருந்து, அதனால்தான் என்று நினைத்தோம். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு என்னைக் கூப்பிட்டு, "மகள், நான் மூணு தொழுதேனா நாலு தொழுதேனா?" என்று கேட்டா. சிரித்தேன். அடுத்த நாள் ளுஹரிலும் அதே கேள்வி. ஐம்பது வருஷமாக ரக்அத் பிழைக்காத மனிசி. நாலாவது நாள் குசினிக்குள் நடக்கும்போது இடது கால் இழுபட்டது.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "கிட்டடியில எங்கயும் விழுந்தாங்களா, தலை அடிபட்டதா?" நான் இல்லை என்றேன். உண்மையாகவே மறந்துவிட்டேன். ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் தேங்கியிருந்தது. படத்தைக் காட்டி மறுபடியும் கேட்டார். அப்போதுதான் அந்த 'டொக்' சத்தம் திரும்பக் கேட்டது.

உம்மா இருதயத்துக்காக இரத்தம் ஐதாக்கும் குளிசை எடுக்கிறவ. அப்படியானவர்களுக்கு, அதுவும் வயது போனவர்களுக்கு, சின்ன அடியிலும் உள்ளுக்குள் மெல்ல மெல்லக் கசியும். நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் பிறகுதான் வெளியில் தெரியும் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். மண்டையில் சிறிய துளை போட்டு இரத்தத்தை எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், உம்மா இப்போது நடக்கிறா, ரக்அத்தும் பிழைப்பதில்லை. ஆனால் அந்த இரவு ஒப்பரேஷன் வாசலில் நான் இருந்த இருப்பை எந்தப் பிள்ளைக்கும் அல்லாஹ் தரக்கூடாது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் காசில்லை. வெளியில் எடுத்த ஸ்கேன், மருந்து, போக்குவரத்து, சம்பளமில்லாத லீவு என்று செலவு வந்தது. மச்சான் காரின் இலக்கத்தை அந்தப் பொடியனிடம் எப்படியோ வாங்கி, என்னைக் காப்புறுதிக் கம்பெனிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர். பொலிஸ் என்ட்ரி இருக்கிறதா என்றார். இல்லை. அன்றைக்கு ஏதாவது ஆஸ்பத்திரியில் காட்டிய துண்டு? இல்லை. அப்பில் பயண விபரம்? கட் பண்ணியது நான்தான். கடைசியாகக் கம்பியூட்டரில் அன்றைய அறிக்கையை எடுத்து வாசித்தார். த்ரீவீலில் சாரதியின் உறவினர் இருவர், காயம் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அந்த வசனத்தைச் சொன்னது நாங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் போன கிழமை வந்த ஒரு கோல். என்னிடம் படித்த பிள்ளை, கொழும்பில் ஒரு கோர்ஸ் செய்கிறாள். வீதியிலிருந்து எடுத்தாள். "மிஸ், நான் வந்த கார் இன்னொண்டில அடிபட்டுட்டு. எனக்கு ஒண்டுமில்ல, கைதான் கொஞ்சம் நோகுது. டிரைவர் பாவம் மிஸ், போகச் சொல்றாரு." பின்னால் ஹோர்ன் சத்தம். எனக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு வகுப்பில் சத்தம் போடுகிற குரலில் சொன்னேன்: "அசையாத. எனக்கு ஒண்டுமில்ல எண்டு யாரிட்டயும் சொல்லாத."

வாகனத்துக்குள் இருக்கிறாயா, வெளியிலா என்று கேட்டேன். வெளியில், நடைபாதையில். கழுத்து, முதுகு நோகுதா, தலை அடிபட்டதா? இல்லை. அப்படி நோவு இருந்திருந்தால் இழுத்து இறக்க விடாமல் இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லியிருப்பேன், நெருப்போ வேறு ஆபத்தோ இருந்தால் ஒழிய. கூடுகிற ஆட்கள் நல்ல மனதோடுதான் தூக்குவார்கள். முதுகெலும்பு அடிபட்டவரை அந்த நல்ல மனதே முடமாக்கிவிடும். 1990 எடுத்தால் அம்பியுலன்ஸ் வரும், காசில்லை, வருகிறவர்கள் பயிற்சி எடுத்தவர்கள். நம்மட ஊர்களில் இன்னும் பல பேர் அதைப் பணம் கேட்கும் சேவை என்று நினைக்கிறார்கள்.

பிறகு படம் எடுக்கச் சொன்னேன். இரண்டு வாகனங்களின் இலக்கத் தகடு, முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம், சாரதியின் காப்புறுதி அட்டை, வாகனங்கள் நிற்கிற நிலை, தன்னுடைய கை. அப்பில் அந்தப் பயணம் இருக்கிற பக்கத்தை ஸ்கிரீன்ஷொட். அவள் புத்திசாலி, கட் பண்ணவில்லை. அப்பிலேயே விபத்து என்று அறிவிக்கச் சொன்னேன். கம்பெனி பயணிக்குக் காப்புறுதி வைத்திருந்தாலும், அப்பில் இல்லாத பயணத்துக்கு எதைக் காட்டிக் கேட்பது? பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரின் போன் நம்பரையும் வாங்கச் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர் என்றால் இன்னும் நல்லது, அவர் நாளைக்கும் அங்கேதான் இருப்பார்.

பொலிஸ் என்றதும் பயந்துவிட்டாள். "மிஸ், எனக்குச் சிங்களம் ஒழுங்கா வராது." அது நியாயமான பயம். ஆனால் தமிழும் இந்த நாட்டில் அரச கரும மொழி. தமிழில் சொல்கிறேன் என்று கேட்பதற்கு உரிமை இருக்கிறது. நடைமுறையில் எழுதுவது பெரும்பாலும் சிங்களத்தில்தான். அப்படியானால் நம்பிக்கையான ஒருவரை வைத்து வாசிப்பித்து விளங்கிய பிறகுதான் கையெழுத்து. 'பயணி' என்ற சொல்லும் 'காயம்' என்ற சொல்லும் அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஆளுக்குக் காயம் என்றால் அது இரண்டு சாரதிகள் தங்களுக்குள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை, பொலிசுக்குப் போகவேண்டிய விஷயம். 119 எடுத்தாலும் சரி, கிட்டடிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனாலும் சரி. என்ட்ரி இலக்கத்தை எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், நாளைக்கு இல்லை. அங்கே "கை நோகுது" என்று சொல்லாமல், "வாகன விபத்து, இத்தனை மணிக்கு, நான் பயணி" என்று சொல்ல வேண்டும். சொன்னதைத்தான் எழுதுவார்கள். எழுதினதுதான் பிறகு பேசும். பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் பொஸ்ட் இருக்கும், அங்கேயும் பதிவார்கள். தேவைப்பட்டால் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள். தங்கவைத்தால், வெளியில் வரும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பொம்பளை டொக்டர் வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேட்கலாம். கேட்க வெட்கப்பட்டு நோவை மறைத்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தி என் உம்மா.

பின்னேரம் மெசேஜ் போட்டிருந்தாள். மணிக்கட்டில் மெல்லிய வெடிப்பாம். மாப்போட்டுவிட்டார்கள்.

இன்னொன்று கேட்டாள், அதற்கு என்னிடம் முழுப் பதில் இருக்கவில்லை. "டிரைவர் பாவம்தானே மிஸ்?" பாவம்தான். எங்களது பொடியனும் பாவம்தான். லீசிங் கட்டுகிறவனின் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவனுடைய வண்டியில் மோதியது கார்க்காரர். உம்மாவுக்கான பொறுப்பைக் கேட்க வேண்டிய இடம் அந்தக் காரின் காப்புறுதி. உண்மையைச் சொல்லியிருந்தால் பொடியனுக்குத் தனியார் பாவனைக் காப்புறுதியோடு ஹயர் ஓடிய பிரச்சினை வந்திருக்கும். அது சின்னப் பிரச்சினை என்று சொல்ல மாட்டேன். அதைக் காப்பாற்ற நான் உம்மாவின் ஹக்கைக் கொடுத்தேன். என்னுடையதை விட்டுக்கொடுத்திருந்தால் ஸபூர் என்று சொல்லலாம். உம்மாவினுடையதை விட்டுக்கொடுக்க எனக்கு யார் அதிகாரம் தந்தது?

குர்ஆனிலேயே நீளமான வசனம் எது என்று பிள்ளைகளிடம் கேட்பேன். சூரா பகராவின் 282. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்பது அதன் விஷயம். கேட்டுக்கொடுத்த நான் வீதியில் நின்றபோது ஒரு பேனையைக்கூட எடுக்கவில்லை.

நட்டஈட்டு வழக்குப் போடுவதென்றால் விபத்து நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொன்னார். இன்னும் காலம் இருக்கிறது. போடுவதா என்று முடிவெடுக்கவில்லை. போட்டால் முதலில் நான் எழும்பி, அன்றைக்கு நான் தலையாட்டியது பொய் என்று சொல்ல வேண்டும். அந்தப் பொடியனையும் இழுக்க வேண்டி வரும். அவனது நம்பர் போனில் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துவிட்டு, அடிக்க முதல் கட் பண்ணினேன்.

உம்மாவுக்கு அடுத்த மாதம் திரும்பவும் கண் கிளினிக் இருக்கிறது. நேற்று உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டா, "அந்தப் பொடியன்ட ஆட்டோவைத் திருத்திட்டானாமா மகள்? பாவம், நெளிஞ்சி போய்க் கிடந்தது."

தெரியாது உம்மா என்றேன்.