இரண்டு ஸ்டேஷன்கள், இரண்டு பெயர்கள்

லாகோஸ், நைஜீரியா



போன வாரம் இபாதானிலிருந்து லாகோஸுக்கு ரயிலில் வந்தேன். 157 கிலோமீட்டர். ஏறிய ஸ்டேஷனுக்கு ஒபாஃபெமி அவோலோவோ பெயர். மேற்கு மாகாணத்தின் முதல் பிரதமர், 1955இலேயே பிள்ளைகளுக்கு இலவச ஆரம்பக் கல்வி தந்தவர். இறங்கிய ஸ்டேஷனுக்கு மொபோலாஜி ஜான்சன் பெயர். இவரைப் பற்றித்தான் இந்த மடல்.

1966இல் நைஜீரியாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1967 மே மாதம் ராணுவத் தலைவர் கோவன் நாட்டை 12 மாநிலங்களாகப் பிரித்து, ஜான்சனை லாகோஸ் மாநிலத்தின் ராணுவ ஆளுநராக்கினார். அப்போது ஜான்சனுக்கு வயது 31. அன்றைய தலைநகரான லாகோஸ் நகரோடு இக்கேஜா, எப்பே, பதாக்ரி, இக்கொரோடு பகுதிகளைச் சேர்த்து உருவான மாநிலம் அது. நிர்வாகத்தை அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. இரண்டே மாதத்தில் பியாஃப்ரா உள்நாட்டுப் போரும் மூண்டது. சட்டசபை கிடையாது, தேர்தல் கிடையாது. அவரை நியமித்தவரைத் தவிர அவரிடம் கணக்குக் கேட்க யாருமில்லை. அப்படியே எட்டு ஆண்டுகள் ஆண்டார்.

1975 ஜூலை 29 அன்று இன்னொரு ராணுவப் புரட்சி. முர்தலா முகமது ஆட்சிக்கு வந்தார். மாநில ஆளுநர்கள் பன்னிரண்டு பேரும் பதவி இழந்தார்கள். அவர்களுடைய சொத்துகளைத் துருவ விசாரணைக் குழு உட்கார்ந்தது. பத்துப் பேர் பதவியை வைத்துச் சொத்துச் சேர்த்தவர்கள் என்று முடிவானது. மேற்கு மாநிலத்தின் ஒலுவோலே ரோட்டிமியும் ஜான்சனும் மட்டுமே குற்றமற்றவர்களாக வெளியே வந்தார்கள்.

ஜான்சன் 2019இல் தம் 83ஆம் வயதில் மறைந்தார். ஸ்டேஷனுக்கு அவர் பெயர் வைத்தது பொருத்தமே. கேட்பாரில்லாத நாற்காலியில் எட்டு ஆண்டுகள் கை கறைபடாமல் உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. அவரை மனதார மதிக்கிறேன்.

ஆனால் அந்த நேர்மை அவருடைய சொந்தக் குணம். ராணுவ ஆட்சி கொடுத்ததல்ல. இங்கேயும் நம் ஊரிலும், அரசியல்வாதிகளின் மேல் வெறுப்பு வரும்போதெல்லாம், “பேசாமல் மிலிட்டரி ஆட்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். அவர்கள் ஜான்சனைப் போன்ற ஒருவரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். மற்ற பத்துப் பேரையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள். ஓட்டுப் போட்டு ஒருவரை அனுப்பினால், அடுத்த தேர்தலில் திருப்பி அழைக்க வழி உண்டு. அந்தப் பத்துப் பேரை இறக்குவதற்கு இன்னொரு துப்பாக்கிதான் வர வேண்டியிருந்தது.