உறவுமுறை என்ற கட்டம்

2023 ஏப்ரலில் தன்பாலினத் திருமண வழக்கை உச்ச நீதிமன்றம் விசாரிக்கத் தொடங்கியது. பத்து நாள் விசாரணை, நேரலையாக வந்தது. நானும் அவளும் ஆளுக்கொரு அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டோம். இந்தக் கோரிக்கை நகரத்து மேட்டுக்குடிப் பார்வை என்று ஒன்றிய அரசு எழுதிக் கொடுத்திருந்தது. வேளச்சேரியில் தண்ணி லாரிக்குக் காத்துக்கிடக்கும் மேட்டுக்குடி நாங்கள்.

அப்பாவின் சிக்கல் வேறு. "சட்டத்துல இல்லாதத கல்யாணம்னு எப்படிம்மா சொல்றது?" என்றார். கருப்புச் சட்டைக்காரரின் மகன். அவளை "வா தாயி" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் இந்த ஒரு இடத்தில் நகரவே இல்லை.

அப்பத்தா வெத்தலையை மடித்தபடியே சொன்னாள்: "நீ பொறந்தப்ப எங்க கல்யாணமே சட்டத்துல இல்லடா."

உண்மைதான். தாத்தாவும் அப்பத்தாவும் 1955இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது. மாலை மாற்றினார்கள், யாரோ இரண்டு மணி நேரம் பேசினார்கள். இப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று 1953லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. தெரிந்தேதான் செய்தார்கள். 1967இல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது. அப்பா அப்போது மூணாங்கிளாஸ்.

2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாமல் சேர்ந்து வாழ்வதற்கான சட்ட அங்கீகாரத்தையும் மூன்று பேர் மறுத்தார்கள். சட்டம் இயற்றுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் சாரம். திருமணம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு ஒரு மாநிலம் அதைத் திருத்த முடியும் என்பதை நம் சட்டமன்றம் ஒருமுறை செய்தே காட்டியிருக்கிறது. அதை இங்கே யாரும் பேசவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

"திருமணமே ஆணாதிக்க ஏற்பாடு, அதுக்குள்ள போய் எதுக்கு விழணும்?" என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு மேரேஜ் சர்டிஃபிகேட் இருக்கிறது.

போன வருடம் அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன். படிவத்தில் உறவுமுறை என்றொரு கட்டம். 'தோழி' என்று எழுதினேன். "சொந்தக்காரங்க யாராச்சும் வருவாங்களாம்மா?" என்றார் கவுண்டரில் இருந்த பெண். அதட்டலாகக்கூடக் கேட்கவில்லை. ஆறு வருடமாக அவளோடு பேசாத அண்ணனுக்கு நான்தான் போன் போட்டேன். கோவையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்தார். கையெழுத்துப் போட்டார், கேன்டீனில் டீ குடித்தார், அவளைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார். அவள் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "யார் சைன் பண்ணா?"

தன்பாலின இணையர் ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கத் தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. திறந்துவிட்டோம். திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி இல்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. படித்துவிட்டு இருவரும் அழுதோம். ஆனால் அடுத்த ஆபரேஷனில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று இரண்டிலும் இல்லை.

அப்பா இப்போது 7ஏ பிரிவைப் போனில் தேடிப் படித்திருக்கிறார். "இதுல கணவன், மனைவின்னுல்ல போட்டிருக்கு?" என்றார்.

"ஆமாப்பா."

"அத மாத்தணும்னா எந்தத் துறைக்கு எழுதணும்?"