டிரெயின் போல்ட்

சென்ற மாதம் ஆயில் மாற்றும்போது என் பழைய மாருதி 800-இன் டிரெயின் போல்ட் மரை தேய்ந்திருந்தது. அசல் போல்ட் கிடைக்கவில்லை. விருதுநகர் ஸ்பேர்ஸ் கடையில் இரண்டை எடுத்துப் போட்டார்கள்: ஒன்று ஓவர்சைஸ், இன்னொன்று நுனியில் காந்தம் வைத்தது.

ஓவர்சைஸ் வேண்டாம் என்றேன். அது சம்ப்பில் புது மரை வெட்டிக்கொண்டே ஏறும். பிறகு பழைய அளவு போல்ட் பொருந்தாது. சம்ப் மரையே போனவர்களுக்குத்தான் அது. எனக்குப் போனது போல்ட் மட்டும்.

காந்தம் இரும்புத் தூளைப் பிடிக்கும். அலுமினியத்தையும் செம்பையும் விட்டுவிடும். நுனி சுத்தமாக இருப்பதால் எஞ்சினும் சுத்தம் என்று நம்பிவிட முடியாது. இருந்தாலும் அதையே வாங்கினேன்.

வாங்குமுன் பழைய போல்ட்டில் தேயாத பக்கத்தோடு மரைக்கு மரை வைத்துப் பார்த்தேன், இடுக்கில்லாமல் உட்கார்ந்தது. வீட்டம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை கூட்டிப்போகிற வண்டி. கள்ளிக்குடி தாண்டிப் போல்ட் கழன்று விழுந்தால் ஆயில் முழுக்க ரோட்டில், எஞ்சின் ஜாம்.

மெக்கானிக் தம்பி எடுத்ததுமே ஸ்பேனரைப் போடப் போனார். முதல் நாலு சுற்று கையாலேயே ஏறட்டும் தம்பி என்றேன். ஏறியது. பழைய வாஷரையே போடவா என்றார். புதுசு என் சட்டைப்பையில் இருந்தது.